உலை எவர் கையில்?



ஒரு நாட்டின் உரிமை எங்கே இருக்கின்றது என்று வினவினால், அரசு மன்றத்தில் இருக்கின்றது என்பார் சிலர். படை வீட்டில் இருக்கின்றது என்பார் சிலர். பொன் நிறைந்த கருவூலத்தில் இருக்கின்றது என்பார் வேறு சிலர். அடுப்பங்கரையில் அதனைத் தேடுவார் மிகக் குறைவு. ஆனால், எங்கோ இருக்கும் அயலான் ஒருவன் ஒரு குழாயைத் திருகி அடைத்த அளவில் ஒரு நாட்டின் அடுப்புகளெல்லாம் அவிந்து போகுமாயின், அந்நாட்டின் கொடி எத்துணை உயரத்திற் பறந்தாலும், அதன் வாழ்வு அவ்வயலானின் கைப்பிடிக்குள் அடங்கிக் கிடக்கின்றது என்பதே உண்மை. இவ்வுண்மையைக் குளிரில் நடுங்கி உணர்ந்து, உணர்ந்தபின் சோர்ந்து கிடவாமல், ஊர் ஊராக அமர்ந்து எண்ணிக் கணக்கிட்டுத் தன் உலையைத் தன் கைக்கு மீட்டுக்கொண்ட ஒரு சிறு நாட்டின் வரலாறே இப்பொழிவின் பொருள்.

அந்நாடு தென்மார்க்கு. தமிழர்க்கு அது முற்றும் புதிய பெயரன்று. 1620ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக் கடற்கரையில் கோட்டை கட்டி, 1845ஆம் ஆண்டில் அதனை ஆங்கிலேயர்க்கு விற்றுவிட்டுச் சென்ற நாடு அதுவே. மிளகுக்காகக் கடல் கடந்து வந்த அந்நாட்டார், 20ஆம் நூற்றாண்டில் எண்ணெய்க்காகக் கடல் கடந்த நாடுகளின் கையை எதிர்பார்த்து நின்றனர்.

குளிரும் எண்ணெயும்

வெப்பம் என்றவுடன் தமிழர்க்குத் தோன்றுவது வேனிற் கொடுமை. வடபுல மக்களுக்கோ வெப்பம் என்பது உயிர்க்காப்பு. அங்கே இலையுதிர் காலம் முதல் இளவேனில் வரை, ஆண்டில் ஏழெட்டுத் திங்கள், வீட்டைச் சூடேற்றியாக வேண்டும். உணவின்றிச் சில நாள் தாங்கலாம்; உறைபனி நாளில் வெப்பமின்றி ஓர் இரவைக் கடத்துவது முதியோர்க்கும் குழந்தைகட்கும் அரிது. ஆகலின், அந்நாட்டில் வெப்பம் ஏந்தன்று. சோற்றையும் நீரையும் போன்ற அடிப்படைத் தேவை.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் எண்ணெய் மலிந்தது. வீட்டுக்கு வீடு எண்ணெய்க் கொதிகலன் புகுந்தது. வைக்கோலும் விறகும் கரியும் மறக்கப்பட்டன. 1972ஆம் ஆண்டளவில் அந்நாடு பயன்படுத்திய ஆற்றலில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டு எண்ணெயாகவே இருந்தது. மலிவாகக் கிடைப்பது என்றும் மலிவாகவே கிடைக்கும் என்று நம்பியது அவர்தம் முதற் பிழை.

1973ஆம் ஆண்டு அட்டோபரில் மேலையாசியாவில் போர் மூண்டது. அரபு நாடுகள் எண்ணெய் வழங்கலைக் குறைத்தன. பீப்பாய் ஒன்றுக்கு ஏறத்தாழ 3 தாலராக இருந்த விலை, சில திங்களுக்குள் 12 தாலரை நெருங்கியது. அவ்வாண்டு நவம்பர் 25ஆம் நாள், தென்மார்க்கில் மகிழுந்து ஓடாத முதல் ஞாயிற்றுக்கிழமை. நெடுஞ்சாலைகள் வெறிச்சோடின, மக்கள் நடந்தும் மிதிவண்டியிலும் சென்றனர். அன்று அவர்கள் இழந்தது ஒரு நாள் உலாவன்று. தம் வாழ்வு தம் கையில் இருக்கின்றது என்னும் நம்பிக்கையையே இழந்தனர். 1979ஆம் ஆண்டில் ஈரானிய ஆட்சி மாற்றத்தை ஒட்டி எண்ணெய் விலை மீண்டும் ஏறியபோது, முன்னது தற்செயலன்று என்பது எவர்க்கும் விளங்கிற்று.

முதலில் எண்ணினர்

துன்பம் வந்தபின் கூச்சலிடுவது எளிது, கணக்கெடுப்பது கடினம். தென்மார்க்கர் கணக்கெடுத்தனர். 1976ஆம் ஆண்டில் ஆற்றலுக்கெனத் தனி அரசுத் துறையை அமைத்து, முதல் ஆற்றல் திட்டத்தை வகுத்தனர். 1979ஆம் ஆண்டில் வெப்ப வழங்கற் சட்டத்தை இயற்றினர். வெப்பத்திற்கென்றே ஒரு சட்டம் என்பது பலர்க்கு வியப்பாக இருக்கலாம். அதன் உள்ளீட்டைப் பார்த்தால் வியப்பு நீங்கி மதிப்புத் தோன்றும்.

அச்சட்டம் தலைநகரிலிருந்து ஆணைகளை மட்டும் பிறப்பிக்கவில்லை. ஒவ்வோர் ஊராட்சியும் தன் எல்லைக்குள் எவ்வெப் பகுதியில் எவ்வளவு வெப்பம் தேவைப்படுகின்றது, இப்போது அஃது எவ்வெரிபொருளால் கிடைக்கின்றது, எவ்வளவு எரிகின்றது, இனிவரும் ஆண்டுகளில் தேவை எவ்வளவாகும், அருகில் எந்தத் தொழிலகத்திலோ மின்நிலையத்திலோ வெப்பம் வீணாகின்றது என்பவற்றையெல்லாம் எண்ணி எழுதுமாறு பணித்தது. ஊராட்சிகளின் கணக்கைக் கொண்டு வட்டாரத் திட்டம் வகுக்கப்பட்டது. பின்னர் நிலப்படத்தில் கோடு கிழிக்கப்பட்டது. வீடுகள் நெருங்கிய பகுதிக்கு ஊர்ப்பொது வெப்பக் குழாய். அதனினும் நெருக்கம் குறைந்த சில பகுதிகளுக்கு எரிவளிக் குழாய். வீடுகள் சிதறிக் கிடக்கும் நாட்டுப்புறத்திற்குத் தனித்தனி ஏற்பாடு.

இவ்வாறு கோடு கிழித்ததன் கரணியம் யாது? குழாய் புதைப்பது பெருஞ்செலவு. நூறு வீடுள்ள தெருவில் நூறு வீடும் இணைந்தால் அச்செலவைப் பகிர்ந்து தாங்கலாம். இருபது வீடு மட்டும் இணைந்தால் அவ்விருபதும் கடனில் மூழ்கும். ஒரே தெருவில் வெந்நீர்க் குழாயும் எரிவளிக் குழாயும் போட்டியிட்டுப் புதைக்கப்பட்டால், இரண்டின் செலவும் மக்கள் தலையிலேயே விழும். அங்காடியில் இரண்டு கடைகள் போட்டியிட்டால் விலை குறையும். மண்ணுக்கடியில் இரண்டு குழாய்கள் போட்டியிட்டால் விலை கூடும். இதனை உணர்ந்தே தனி வீட்டுக்கன்றித் தெருவுக்கும் ஊருக்கும் திட்டம் வகுத்தனர்.

ஊராட்சி வேண்டுமானால், ஊர்ப்பொது வெப்பத்தோடு இணையுமாறு வீட்டாரைக் கட்டாயப்படுத்தலாம் என்னும் அதிகாரம் 1982ஆம் ஆண்டில் வழங்கப்பட்டது. புதிய கட்டடங்களில் மின்னைக் கொண்டு சூடேற்றுவது 1988ஆம் ஆண்டில் தடுக்கப்பட்டது. இது வீட்டுரிமையில் தலையிடுவதாகாதா என்று கேட்போர் அன்றும் இருந்தனர். அக்கேள்விக்கு விடை அச்சட்டத்திலேயே இருந்தது. வெப்பம் வழங்கும் நிறுவனம் ஊதியம் ஈட்டக் கூடாது. எரிபொருள், கூலி, கடன், பழுதுபார்ப்பு முதலிய தேவையான செலவை மட்டுமே விலையாகப் பெறலாம் என்பதே அது. மிகுந்த பணத்தை அடுத்துவரும் விலையிற் குறைத்தாக வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் ஊராட்சியின் உடைமை, அல்லது வெப்பம் பெறுவோரே உறுப்பினராக உள்ள கூட்டுறவுக் கழகத்தின் உடைமை. கட்டாயமும் ஊதியமின்மையும் ஒரே நுகத்திற் பூட்டிய இரண்டு காளைகள். ஒன்றை அவிழ்த்துவிட்டு மற்றொன்றை மட்டும் ஓட்டினால் வண்டி குடைசாயும். ஊதியம் நாடும் ஒருவனிடம் கட்டாய நுகர்வோரை ஒப்படைப்பது, ஆட்டுக்குட்டியைக் கயிற்றிற் கட்டி ஓநாய் கையிற் கொடுப்பதாகும்.

கடலில் கொட்டிய வெப்பம்

திட்டத்தின் நெஞ்சாங்குலையாக அமைந்தது ஓர் எளிய அறிவியல் உண்மை. நிலக்கரியை எரித்து நீராவியாற் சுழலியைச் சுழற்றி மின்னெடுக்கும் நிலையத்தில், எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ 40 விழுக்காடே மின்னாகின்றது. எஞ்சிய பெரும்பங்கு, நீராவியைக் குளிர்விக்கும் நீரோடு கடலிலோ ஆற்றிலோ கலந்துவிடுகின்றது. சிறுபங்கு புகைபோக்கி வழியே போகின்றது. பத்துப்படி அரிசி வாங்கி, நான்கு படியை உலையிலிட்டு, ஆறுபடியைச் சாக்கடையிற் கொட்டும் இல்லத்தை எவர் மதிப்பர்? மின்நிலையங்களோ நாள்தோறும் அதனையே செய்கின்றன.

இதற்கு மாற்று உண்டு. சுழலியிலிருந்து வெளிப்படும் நீராவியைச் சற்று உயர்ந்த வெப்பநிலையிலேயே எடுத்து, அதனால் நீரைச் சூடாக்கி, அந்நீரை ஊருக்குள் குழாய் வழியே செலுத்தலாம். மின்னளவு சிறிது குறையும். ஆனால் மின்னும் வெப்பமும் சேர்ந்து எரிபொருளின் ஆற்றலில் 85 முதல் 90 விழுக்காடு வரை பயன்படும். எஃகுக் குழாய், அதனைச் சுற்றி நுரைக் காப்பு, அதன்மேல் நெகிழி உறை. போகும் குழாயில் 70, 80 பாகை வெப்பமுள்ள நீர். வீட்டின் வெப்பமாற்றியில் தன் வெம்மையை ஈந்து, 40 பாகையளவில் மறு குழாயிற் கொதிகலனுக்கே மீண்டு வரும் அந்நீர். வழியில் ஏறத்தாழ ஐந்தில் அல்லது ஆறில் ஒரு பங்கு வெப்பம் மண்ணுக்குள் இழப்பாகும். அவ்விழப்பைக் கழித்தபின்னும் மிச்சம் பெரிது.

இம்முறை அந்நாட்டிற்கு முற்றும் புதியதன்று. தலைநகராகிய கோப்பனேகனை ஒட்டிய பிரெடெரிக்குசுபெர்கு நகரம், 1903ஆம் ஆண்டிலேயே குப்பையை எரித்து மின்னும் வெப்பமும் எடுத்து, மருத்துவமனை முதலிய பொதுக் கட்டடங்கட்கு வழங்கியது. அவ்வறிவை 1979ஆம் ஆண்டுச் சட்டம் நாடு முழுமைக்கும் மேலும் பரப்பியது. 1984ஆம் ஆண்டில் கோப்பனேகன் வட்டாரத்து ஊராட்சிகள் ஒன்றுகூடி, மின்நிலைய வெப்பத்தை நகர்தோறும் கொண்டுசெல்லும் பெருங்குழாய் நிறுவனங்களை அமைத்தன. இன்று அத்தலைநகரில் ஏறத்தாழ எல்லா வீடுகளும் ஊர்ப்பொது வெப்பத்தோடு இணைந்துள்ளன. நாடு முழுமையும் எண்ணினால், மூன்றில் இரண்டு பங்கு வீடுகள். 2017ஆம் ஆண்டில் அமாகர் என்னும் இடத்தில் இயங்கத் தொடங்கிய குப்பையெரி நிலையத்தின் சாய்ந்த கூரைமேல் பனிச்சறுக்கு விளையாடுகின்றனர். அதன் உலைவெப்பம் நகரத்து வீடுகளுக்குச் செல்கின்றது. குப்பைமேடு இல்லாமற் போனதோடு, குப்பையும் எரிபொருளாயிற்று.

ஒரு குழாய், பல ஊற்று

தாங்கும் வலிமை என்பது யாது? ஒரு தூண் முறிந்தால் வீடே விழுமாயின், அது வலிமையுள்ள வீடன்று. வீட்டுக்கு வீடு எண்ணெய்க் கொதிகலன் இருந்த நாளில் எண்ணெய் நின்றால் எல்லாம் நின்றது. இலக்கக்கணக்கான வீடுகளில் இலக்கக்கணக்கான கொதிகலன்களை ஒரே ஆண்டில் மாற்ற எவராலும் இயலாது. ஆனால், ஊர் முழுதும் ஒரே வெந்நீர்க் குழாயில் இணைந்திருந்தால், ஊரெல்லையிலுள்ள ஓர் உலையை மாற்றினாற் போதும். ஐயாயிரம் வீட்டின் எரிபொருள் ஒரே நாளில் மாறிவிடும். வீட்டாருக்கு அம்மாற்றம் தெரிவதும் இல்லை. வெந்நீருக்குத் தன்னைச் சூடாக்கியது கரியா, வைக்கோலா, கதிரவனா என்பது தெரியாதன்றோ?

ஏரோ என்னும் தீவில் மார்சுட்டல் என்றொரு சிறு துறைமுக ஊர் உண்டு. அவ்வூரின் வெப்ப நிறுவனம், வெப்பம் பெறும் ஊராரின் கூட்டுறவு உடைமை. முன்பு அங்கு எண்ணெய் எரிந்தது. 1996ஆம் ஆண்டில் ஏறத்தாழ 8,000 சதுர மீட்டர் பரப்பில் கதிர்வெப்பப் பலகைகளை நிறுவினர். பின்னர் படிப்படியாகப் பெருக்கி, 2012ஆம் ஆண்டில் 33,000 சதுர மீட்டரைக் கடந்தனர். ஞாயிறு அரிதாய்த் தோன்றும் வடபுலத்தில் கதிர்வெப்பத்தை நம்பலாமா என்பார்க்கு அவர்கள் காட்டிய விடை ஒரு குளம்.

வேனிலில் வெப்பம் மிகும், தேவை குறையும். குளிர்காலத்தில் தேவை மிகும், வெப்பம் குறையும். மழைக்காலத்து நீரை ஏரியிற் தேக்கிக் கோடைக்கு வைத்துக்கொள்ளும் உழவர்க்கு இச்சிக்கலின் தீர்வு உடனே விளங்கும். மார்சுட்டல் மக்கள் 75,000 கன மீட்டர் கொள்ளும் பெருங்குழி தோண்டி, அடியில் நெகிழித் தாள் விரித்து, வெந்நீர் நிரப்பி, மேலே வெப்பக் காப்புள்ள மிதக்கும் மூடி இட்டனர். ஒரு கன மீட்டர் நீரை ஒரு பாகை சூடேற்ற 1.16 கிலோவாட்டு மணி ஆற்றல் வேண்டும். அக்குழி நீர் 30 பாகையிலிருந்து 90 பாகைக்கு ஏறினால், அதில் அடங்குவது ஏறத்தாழ 52 இலக்கம் கிலோவாட்டு மணி. அகப்பையிலுள்ள வெந்நீர் நொடியில் ஆறும். அண்டாவிலுள்ளது நெடுநேரம் ஆறாது. குழி பெரிதாகப் பெரிதாக, அதன் கொள்ளளவோடு ஒப்பிட மேற்பரப்பு குறைதலின், திங்கட்கணக்கில் வெம்மை தங்குகின்றது. வெந்நீரில் நெகிழித் தாளும் மூடியும் நாள்பட நைந்துபோவது இம்முறையின் குறை. அதனையும் பட்டறிந்தே திருத்தி வருகின்றனர். குளிர் முற்றும் நாளில் மரச்சீவல் உலையும் வெப்ப எக்கியும் துணை நிற்கின்றன.

வெப்ப எக்கி என்பது, தாழ்ந்த இடத்து நீரை மேலேற்றும் எக்கி போலத் தாழ்ந்த வெப்பநிலையில் உள்ள வெம்மையை உயர்ந்த வெப்பநிலைக்கு ஏற்றும் பொறி. அது மின்னாற் சுழலும்; ஆனால் தான் உண்ட மின்னைப் போல் மும்மடங்களவு வெப்பத்தைத் தரவல்லது. எசுபியர்கு என்னும் துறைமுக நகரில் நிலக்கரி நிலையம் 2024ஆம் ஆண்டில் மூடப்பட்டது. கடல்நீரின் வெம்மையைக் கவர்ந்து நகருக்கு ஊட்டும் பெரும் வெப்ப எக்கிகள் அங்கு நிறுவப்பட்டன. ஓடென்சு நகரிலோ, முகநூல் நிறுவனத்தின் கணிப்பொறி நடுவத்திலிருந்து வெளியேறும் வெப்பம் ஊர்ப்பொது வெப்பத்திற்குத் திருப்பப்பட்டுள்ளது. சில்க்கெபோர்கு நகரம் 2016ஆம் ஆண்டில் 1,56,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கதிர்வெப்பப் பலகைகளை அமைத்தது. வோயன்சு என்னும் சிற்றூர் 2,00,000 கன மீட்டர் அளவில் வெந்நீர்க் குழி வெட்டியது. இவையெல்லாம் அப்பழைய குழாயிற் கலந்த புதிய ஊற்றுகள். காற்று மிகுந்து மின் மலிந்த நாளில் மின்கொதிகலனும் எக்கியும் ஓடும். காற்று ஓய்ந்த நாளில் தேக்கிய வெந்நீர் ஊரைக் காக்கும். இங்ஙனம் வெந்நீர்த் தொட்டி, மின் அமைப்புக்கும் பொறுமை கற்பிக்கின்றது.

காற்றும் ஊராரும்

அசுக்கோவ் என்னும் ஊரில் 1891ஆம் ஆண்டிலேயே காற்றாலையால் மின்னெடுத்து ஆய்ந்தவர் பவுல் லா கூர் என்னும் பள்ளியாசிரியர். 1957ஆம் ஆண்டில் 200 கிலோவாட்டுக் காற்றாலையைக் கெட்சர் என்னுமிடத்தில் நிறுவியவர் யொகான்னசு யூல். எண்ணெய் மலிந்த நாளில் அஃது 1967ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. ஆயினும் அறிவு மடியவில்லை. எண்ணெய் இடர் வந்தபோது தச்சரும் கொல்லரும் ஆசிரியரும் அப்பழைய வடிவத்தையே மீண்டும் கையிலெடுத்தனர். ஒரு தலைமுறை தேவையற்றதென்று ஒதுக்கிய அறிவு, அடுத்த தலைமுறைக்கு உயிர்மருந்தாயிற்று.

1997ஆம் ஆண்டில், தன் ஆற்றல் முழுவதையும் இயற்கையூற்றுகளிலிருந்தே பெறும் தீவு எது என அரசு ஒரு போட்டி வைத்தது. ஏறத்தாழ 4,000 மக்கள் வாழும் சாம்சோ தீவு அதில் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதுவரை அங்கு எண்ணெய் கப்பலில் வந்தது. மின் கடலடிக் கம்பியில் வந்தது. 2000ஆம் ஆண்டில் தீவின் நிலத்தில் 11 காற்றாலைகள் எழுந்தன. 2003ஆம் ஆண்டிற்குள் கடலில் 10 காற்றாலைகள் எழுந்தன. வைக்கோல் எரிக்கும் மூன்று வெப்ப நிலையங்களும், மரச்சீவலும் கதிரவனும் இணைந்த ஒரு நிலையமும் ஊர்களைச் சூடேற்றின. உழவன் வயலின் வைக்கோல் உலைக்குச் செல்கின்றது. எண்ணெய்க்கு அயல்நாடு சென்ற பணம் அவ்வுழவன் கைக்கே மீள்கின்றது.

இதனினும் இன்றியமையாதது உடைமை. நிலத்துக் காற்றாலைகள் உள்ளூர் உழவர்க்கும் பங்குதாரராகிய ஊரார்க்கும் உரியன. கடற்காற்றாலைகளில் ஐந்து ஊராட்சிக்கே உரியன. இந்நிலையை எய்துமுன், ஊர்தோறும் கூட்டம் கூட்டி, தேநீர் அருந்தி, வாதாடி, மறுத்து, மீண்டும் கூடி இசைவு பெற்றனர். அயலான் நட்ட காற்றாலையின் ஓசை இரைச்சலாகக் கேட்கும். தன் பங்குள்ள காற்றாலையின் ஓசை வருவாயாகக் கேட்கும். கோப்பனேகன் கடலில் 2000ஆம் ஆண்டில் எழுந்த மிடில்குருண்டன் காற்றாலைகள் இருபதில் சரிபாதி, 8,000க்கு மேற்பட்ட பொதுமக்கள் சேர்ந்த கூட்டுறவின் உடைமையாக எழுந்தன. இன்று தென்மார்க்கின் மின்னாக்கத்தில் பாதிக்கு மேல் காற்றினின்றே கிடைக்கின்றதெனின், அதற்கு அடித்தளம் இட்டது பொறி மட்டுமன்று, பங்கும் ஆகும்.

பிழைகளும் பாடங்களும்

புகழ்ச்சி மட்டும் பேசினால் பொழிவு முழுமையாகாது. தென்மார்க்கர் செய்த பிழைகளும் பல.

எண்ணெயிலிருந்து தப்ப அவர்கள் முதலில் ஓடியது நிலக்கரியிடம். அதுவும் அயல்நாட்டுக் கரியே. ஒரு தலைவனை விட்டு மற்றொரு தலைவனை அடைந்ததன்றி, அடிமை நீங்கவில்லை, காற்றும் கெட்டது. அணுமின் நிலையம் அமைக்கும் எண்ணமும் இருந்தது. நெடிய பொது வாதத்திற்குப்பின், 1985ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் அதனைத் திட்டத்தினின்று நீக்கியது.

வடகடல் எரிவளி 1984ஆம் ஆண்டு முதல் நாட்டிற்குள் வந்தது. அதனைச் செலவிடவேண்டிப் பல பகுதிகட்கு எரிவளியே விதிக்கப்பட்டது. 1990ஆம் ஆண்டுகளில் சிற்றூர்கள் பலவற்றில் எரிவளியால் இயங்கும் மின்வெப்ப நிலையங்கள் எழுந்தன. வீடுகள் சிலவாகவும் குழாய் நெடியதாகவும் இருந்த ஊர்களில் விலை தாங்கொணாததாயிற்று. இணைப்போ கட்டாயம், விலகவும் வழியில்லை. நகரத்தில் காவலாக நின்ற கட்டாயம், அச்சிற்றூர்களில் விலங்காயிற்று. 2019ஆம் ஆண்டு முதல், புதிதாக அவ்வாறு கட்டாயப்படுத்தும் அதிகாரம் ஊராட்சிகளிடமிருந்து நீக்கப்பட்டது.

2022ஆம் ஆண்டில் உருசியா உக்கிரைன்மேற் படையெடுத்தது. சூன் முதல் நாள் உருசிய எரிவளி தென்மார்க்கின் பெரு நிறுவனத்திற்கு நிறுத்தப்பட்டது. அன்று ஏறத்தாழ 4 இலக்கம் வீடுகள் எரிவளிக் கொதிகலனையே நம்பியிருந்தன. 1973ஆம் ஆண்டின் அச்சம் வேறு பெயரில் மீண்டும் கதவைத் தட்டியது. அரசு மீண்டும் ஊராட்சிகளிடமே சென்றது. எந்தத் தெருவிற்கு ஊர்ப்பொது வெப்பம் வரும், எந்தத் தெரு தனி வெப்ப எக்கியை நாடவேண்டும் என்று அவ்வாண்டு இறுதிக்குள் வகுக்குமாறு வேண்டியது. 1979ஆம் ஆண்டில் கற்ற கணக்கு 2022ஆம் ஆண்டில் கைகொடுத்தது. எனினும், ஒருமுறை கிழித்த கோடு என்றைக்கும் உரியதன்று, தலைமுறைக்கு ஒருமுறையேனும் திட்டத்தைத் திருத்தி எழுதவேண்டும் என்பதும் தெளிவாயிற்று.

இன்று எஞ்சியுள்ள பெருஞ்சிக்கல் மரம். கரியை விட்ட நிலையங்கள் பல, மரத்தூள் உருண்டையை எரிக்கின்றன. அதிற் பெரும்பங்கு கடல் கடந்து வருகின்றது. வெட்டிய காடு மீண்டும் வளரப் பல்லாண்டு ஆகும். எரிவதோ ஒரு நாழிகை. எண்ணெய்க்கு மாற்றாக அயல்நாட்டுக் காட்டை எரிப்பது விடுதலையா என்று அந்நாட்டு அறிஞரே வினவுகின்றனர். அவ்வினா முறையானதே.

வெப்பம் வேண்டா நாட்டிற்கு

குளிர்நாட்டுக் கதை தமிழர்க்கு எதற்கு என்று எவரேனும் எண்ணலாம். 1990ஆம் ஆண்டை ஒட்டிக் கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் தென்மார்க்கின் உதவியோடு காற்றாலைகள் நிறுவப்பட்டன. அவர்தம் பொறி தமிழ்நாட்டிற்கு வந்தது. பொறியின் பின்னிருந்த ஊர்க்கூட்டமும் கணக்கேடும் கூட்டுறவுப் பங்கும் கப்பலில் ஏற்றக்கூடியன அல்ல.

வெப்பநாட்டிற்கு வேண்டுவது குளிர்ச்சி. கோப்பனேகன் நகரமே 2010ஆம் ஆண்டு முதல், கடல்நீரின் குளிர்ச்சியைக் கொண்டு குளிர்நீரையும் குழாய் வழியே பெருங்கட்டடங்களுக்கு வழங்கி வருகின்றது. வீணாகும் வெப்பத்தைக் கொண்டே குளிரூட்டும் பொறிகளும் உலகில் உள்ளன. தமிழகக் கடற்கரை அனல்மின் நிலையங்கள் நாள்தோறும் கடலிற் கலக்கும் வெப்பம் எவ்வளவு, அதனருகில் அதனைப் பயன்கொள்ளத்தக்க தொழிலகங்கள் எவை, மருத்துவமனைகளும் அலுவலகங்களும் நெருங்கிய பகுதியில் வீட்டுக்கு வீடு குளிரூட்டி வைப்பதற்கு மாறாகப் பொதுக்குளிர் வழங்கல் செலவைக் குறைக்குமா என்பன எண்ணிப் பார்க்கத்தக்க கேள்விகள். விடை ஊருக்கு ஊர் வேறுபடும். ஆனால் எண்ணாமல் விடை கிடையாது.

அவையோரே! தென்மார்க்கின் வரலாறு சொல்வது இவ்வளவே. முதலாவது, ஆற்றலைத் தேடுமுன் தேவையை எண்ணுக. இரண்டாவது, புதிதாக ஒன்றை எரிக்குமுன், எரித்ததில் வீணாவதைப் பிடித்துக்கொள்க. மூன்றாவது, ஓர் ஊற்றை மட்டும் நம்பற்க. பல ஊற்றும் வந்து கலக்கும் ஒரு குழாயை அமைக்க. நான்காவது, மிகுந்த நாளிற் தேக்கிக் குறைந்த நாளிற் பயன்கொள்க. ஐந்தாவது, பொதுத்தேவையை ஊராரின் உடைமையாக்குக. அதில் ஒருவர் ஊதியம் ஈட்ட இடந்தரற்க. ஆறாவது, வகுத்த திட்டத்தையே தெய்வமாக்கற்க. பிழை கண்டவிடத்துத் திருத்துக.

1973ஆம் ஆண்டின் அந்த நவம்பர் ஞாயிற்றுக்கிழமையில் வெறுஞ்சாலையில் நடந்த மக்கள், அடுத்த ஐம்பதாண்டில் தம் நாடு எந்நிலை எய்தும் என்று அறிந்திருக்க மாட்டார்கள். அவர்களிடம் மலையில்லை, பேராறு இல்லை, நிலத்தில் கரியும் இல்லை. இருந்தவை காற்றும், வைக்கோலும், குப்பையும், வடகடல் எரிவளியும், ஒன்றுகூடி அமர்ந்து கணக்குப் பார்க்கும் பொறுமையும். அப்பொறுமையே அவர்தம் பெருஞ்செல்வமாயிற்று. உலை எவர் கையில் என்னும் வினாவை ஒவ்வோர் ஊரும் தன்னையே கேட்டுக்கொள்ளும் நாளில், அதற்கு விடைகாணும் பணியும் அவ்வூரிலேயே தொடங்கும்.